ஊரிலுள்ள பெரியோரும் மாதச் சந்தாவும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர்களுக்கு, ஊருக்குப் பணம் அனுப்புவது புதிய வழக்கமன்று. கல்கத்தாவிலும் பம்பாயிலும் டில்லியிலும் உத்தியோகம் பார்த்த நம் முன்னோர், சம்பள நாள் வந்ததும் தபாலாபீசுக்குச் சென்று மணியார்டர் பாரத்தைப் பூர்த்தி செய்தார்கள். அதன் அடித்துண்டில் இரண்டொரு வரி எழுதி நலம் விசாரித்தார்கள். இன்று ஊரிலுள்ள தாய் தந்தையரின் தொலைக்காட்சிக்கும், செல்பேசிக்கும், இணைய இணைப்புக்கும் நாம் இங்கிருந்தபடியே ரீசார்ஜ் செய்கிறோம். விரலால் நான்கு முறை தொட்டால் வேலை முடிந்துவிடுகிறது. நலம் விசாரிக்கும் அந்த இரண்டு வரிகள்தாம் பல வேளைகளில் விட்டுப்போகின்றன.

இவ்வாறு மாதந்தோறும் போகும் பணம் எவ்வளவு, அதில் எவ்வளவு வீணாகிறது, அதைக் குறைப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள். ஆயினும் தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குறைத்தல் வேறு; பறித்தல் வேறு. யாரும் பயன்படுத்தாத ஒன்றுக்குக் கட்டும் பணத்தை நிறுத்துவது குறைத்தல். வயதானவர் நம் மீதுள்ள பரிவினால் வேண்டாம் என்று சொன்னதை நம்பி, அவருக்கு மாலைப் பொழுதில் துணையாக இருந்ததை நிறுத்திவிடுவது பறித்தல்.

நம் வீட்டுப் பெரியவர்களின் இயல்பு நாம் அறிந்ததே. "அம்மா, உங்களுக்கு எந்தச் சானல் வேண்டும்?" என்று கேட்டால், "எனக்கு எதற்கப்பா இதெல்லாம்? வீண் செலவு. நிறுத்திவிடு" என்பார்கள். சொன்னபடியே நிறுத்திவிட்டால் குறை சொல்ல மாட்டார்கள். ஆறரை மணிக்கு விளக்கேற்றியபின் அந்த வீட்டில் வேறு குரலே கேட்காது என்பது மட்டும் நமக்குத் தெரியாமலே போய்விடும். ஆகையால் "என்ன வேண்டும்?" என்று கேட்பதைக் காட்டிலும், "நேற்று என்ன பார்த்தீர்கள்? அந்தக் கதை எதுவரை வந்திருக்கிறது?" என்று கேட்பது பயனுள்ளது. ஒரு வாரம் இப்படிப் பேச்சுவாக்கில் கேட்டுக் குறித்துக்கொண்டால், அந்த வீட்டில் மெய்யாகவே பார்க்கப்படும் சானல்கள் எவை என்பது தெரிந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் அவற்றை ஒரு கையின் விரல்களுக்குள் எண்ணிவிடலாம். விடுமுறையில் ஊர் செல்வோர் இரண்டு மாலைகள் உடனமர்ந்து பார்த்தாலும் போதும்.

இனித் தொலைக்காட்சிக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். கேபிள் ஆனாலும், வீட்டின் மேல் டிஷ் வைத்துப் பெறும் டி.டி.எச். ஆனாலும், அந்தத் தொகை மூன்று பகுதிகள் சேர்ந்தது. இணைப்பைக் கொண்டுவந்து தருவதற்கான அடிப்படைக் கட்டணம் ஒன்று. கட்டணச் சானல்களின் விலை இரண்டு. இவ்விரண்டின் மேலும் நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. வரி மூன்று. 2019-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள், வேண்டிய சானலைத் தனித்தனியே தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் பணம் கட்டும் உரிமையைச் சந்தாதாரருக்கு அளித்தன. அடிப்படைக் கட்டணம் அப்போது 100 சானல்களுக்கு 130 ரூபாய்க்கு மேற்படக் கூடாது என்று இருந்தது. 2020-இல் அதே 130 ரூபாய்க்கு 200 சானல்கள் என்று திருத்தினார்கள். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பை நீக்கி, கட்டணத்தை நிறுவனங்களே தீர்மானிக்க விட்டுவிட்டார்கள். ஆகவே இன்று இந்தத் தொகை எல்லா நிறுவனங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை. கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நம் பொறுப்பு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தாயார் விரும்பிப் பார்க்கும் கட்டணச் சானல்கள் இரண்டு. ஒவ்வொன்றும் 19 ரூபாய். மொத்தம் 168 ரூபாய். வரியைக் கூட்டினால் 198 ரூபாய் 24 காசு. அதே வீட்டில், இன்ன சானல் என்று பாராமல், விற்பவர் சொன்ன பேக் ஒன்றுக்கு மாதம் 350 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தால், வித்தியாசம் மாதத்துக்கு ஏறக்குறைய 150 ரூபாய்; வருஷத்துக்கு 1,800 ரூபாய். ஊரிலுள்ள ஒரு முதியவரின் மருந்துச் செலவில் இது சிறு தொகை அன்று. ஆனால் தனித்தனியே வாங்குவதுதான் எப்போதும் மலிவு என்று எண்ணிவிடவும் கூடாது. ஒரே நிறுவனத்தின் சானல்கள் நான்கைந்து பார்க்கப்படுமானால், அவற்றை ஒரு கட்டாகச் சேர்த்து வாங்குவது குறைவாக இருக்கக்கூடும். இரண்டு வகையிலும் கணக்குப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

எச்.டி. என்னும் துல்லியப் படச் சானல்களையும் கவனியுங்கள். 2006-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழக அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. அத்தகைய பழைய பெட்டியில் எச்.டி. சானலுக்கு அதிக விலை கொடுப்பதனால் யாதொரு பயனும் இல்லை. ஒரு வீட்டின் தேர்வுப் பட்டியலில் ஒரே சானல் சாதாரணப் படமாக ஒன்றும் துல்லியப் படமாக ஒன்றும் என இருமுறை இடம்பெற்றிருந்தால், அதற்கு இருமுறை விலை கொடுக்க நேரும். அம்மாதிரி இரட்டிப்பை முதலில் நீக்கலாம்.

சந்தாவே இல்லாத வழியும் ஒன்று உண்டு. பிரசார் பாரதி 2004 டிசம்பரில் தொடங்கிய சேவை, இப்போது டி.டி. ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் நடைபெறுகிறது. டிஷ்ஷுக்கும் செட்டாப் பெட்டிக்கும் சேர்த்து ஒருமுறை சுமார் 2,000 ரூபாய் செலவாகும். அதன்பின் மாதக் கட்டணம் கிடையாது. தூர்தர்ஷனின் சானல்களும், அகில இந்திய வானொலியின் நிலையங்கள் பலவும் அதில் கிடைக்கின்றன. பொதிகை என்று நாம் அறிந்திருந்த சானல் 2024 ஜனவரி முதல் டி.டி. தமிழ் என்ற பெயரில் அதில் வருகிறது. தமிழ்நாட்டில் அந்த டிஷ் தென்கிழக்கு வானை நோக்கி இருத்தல் வேண்டும். அத்திசையில் தென்னையோ மாமரமோ மறைக்குமானால் இடத்தை மாற்றிப் பொருத்தச் சொல்ல வேண்டும். புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவோர், டிஷ்ஷின் கம்பியை நேரே செருகும்படியான அமைப்பு உள்ள பெட்டியா என்று கடையில் விசாரித்தால், தனியே செட்டாப் பெட்டி வாங்கும் தேவையும் இராது.

ஆனால் இதில் ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. ஃப்ரீ டிஷ்ஷில் இந்திச் சானல்களே மிகுதி. நம் வீட்டுப் பெண்கள் தினந்தோறும் பார்க்கும் தமிழ்த் தொடர்களை ஒளிபரப்பும் பெரிய தனியார் சானல்கள் கட்டணச் சானல்களே. அவற்றை அதில் எதிர்பார்க்க முடியாது. செய்தியும் சங்கீதமும் வேளாண்மை நிகழ்ச்சியும் போதுமென்று உள்ளவருக்கு அது மிகவும் ஏற்றது. தொடர்கதையோடு ஒன்றிப்போன ஒருவரிடமிருந்து கேபிளைப் பிடுங்கிவிட்டு, "இதில் எல்லாம் இலவசம்" என்று அதைக் கொண்டுவந்து வைப்பது சிக்கனமாகாது. டில்லியில் இருக்கும் மகனுக்கு இலவசமாகத் தோன்றுவது, திண்ணையில் இருக்கும் தாய்க்குப் புரியாத பாஷையில் பேசும் பெட்டியாகவே இருக்கும்.

கேபிளா, டி.டி.எச்.சா என்ற கேள்வியிலும் விலை மட்டும் முடிவு செய்வதற்கில்லை. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011-ஆம் ஆண்டு மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்தது. அந்த விலை இப்போது இல்லை. ஆனால் கேபிள்காரர் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர். பெரியவரைப் பெயர் சொல்லி அறிந்தவர். ரிமோட்டில் தவறான பொத்தானை அழுத்திப் படம் மறைந்துபோனால், போகிற வழியில் உள்ளே வந்து சரிசெய்துவிட்டுப் போவார். தொலைபேசியில் "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்று ஒலிக்கும் இயந்திரக் குரலோடு எழுபத்தைந்து வயதுக்காரர் போராட முடியாது. மாதம் 30 ரூபாய் கூடுதலானாலும், ஆள் வந்து பார்க்கும் இணைப்பு தனித்திருக்கும் முதியவருக்கு இலாபமே. அவ்விதம் உதவுவார் இல்லாத ஊராக இருந்தால், அப்போது விலையைக் கொண்டு தீர்மானிக்கலாம்.

அடுத்தது செல்பேசி. பல குடும்பங்களில் தந்தையார் பொத்தான் வைத்த சிறிய போன் வைத்திருப்பார். தாயாரிடம் பேரப்பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்போன் இருக்கும். இரண்டுக்கும் ஒரேவிதமான ரீசார்ஜ் நடக்கும். தந்தையாரின் போனில் இணையமே வராது. ஆயினும் நாள்தோறும் ஒன்றரை ஜி.பி., இரண்டு ஜி.பி. டேட்டாவுக்கு அவர் பணம் கொடுத்துக்கொண்டிருப்பார். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது இந்தச் சுமை இன்னும் கூடிற்று. அதே ஆண்டு டிசம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு திருத்தம் செய்தது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான பேக் ஒன்றை, டேட்டா சேர்க்காமல், ஒவ்வொரு நிறுவனமும் தனியே தருதல் வேண்டும் என்று விதித்தது. அத்தகைய பேக்குகளின் உச்ச காலத்தை 90 நாட்களிலிருந்து 365 நாட்களாகவும் நீட்டியது. 2025 ஜனவரி முதல் இவை விற்பனைக்கு வந்துள்ளன. கடைக்காரர் தாமாக எடுத்துச் சொல்வது அரிது. நாம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை ரீசார்ஜ் என்பது, மாதந்தோறும் கடைக்கு நடக்கும் தொல்லையையும் பெரியவருக்குக் குறைக்கிறது.

மாதம் என்ற சொல்லிலும் ஒரு நுட்பம் உண்டு. 28 நாள் பேக் போடுகிறவர் வருஷத்துக்கு 12 முறை அல்ல, 13 முறை பணம் கட்டுகிறார். 30 நாள் பேக் ஒன்றும், மாதந்தோறும் அதே தேதியில் முடியும் பேக் ஒன்றும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டுமென்று 2022-இல் ஆணையம் விதித்திருக்கிறது. விலையை நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பார்த்தால் உண்மையான மலிவு எது என்பது விளங்கிவிடும்.

மூன்றாவது, பிராட்பேண்ட் என்னும் இணைய இணைப்பு. இது வேண்டுமா என்பதே முதற்கேள்வி. பேரப்பிள்ளைகளின் முகம் பார்த்து வாரம் இரண்டு முறை பேசுவது மட்டுமே தேவையானால், செல்பேசியில் சிக்னல் நன்றாக உள்ள ஊரில், தாயாரின் போனில் உள்ள டேட்டாவே போதும். சிக்னல் சரியில்லாத ஊரிலும், தொலைக்காட்சியிலேயே யூடியூப் வழியாகக் கச்சேரியும் சொற்பொழிவும் பார்த்துப் பழகிய வீட்டிலும், வீட்டுக்கு ஒரு கம்பி இணைப்பு இருப்பது நலம். அங்கே வேறு கணக்கு எழும். எல்லாவற்றையும் இணையத்தின் வழியே பார்க்கும் வீட்டில் கேபிள் சந்தா தேவையா என்று யோசிக்கலாம். பிரசார் பாரதி 2024 நவம்பரில் வேவ்ஸ் என்ற செயலியைத் தொடங்கித் தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளை இணையத்தில் வழங்கி வருகிறது. ஒரே நிகழ்ச்சிக்குக் கேபிளில் ஒருமுறை, டி.டி.எச்.சில் ஒருமுறை, இணையத்தில் ஒருமுறை என்று மூன்று இடங்களில் பணம் கட்டும் வீடுகள் உண்டு.

எவ்வளவு வேகம் வேண்டும்? பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தது விநாடிக்கு 2 மெகாபிட் வேகம் இருத்தல் வேண்டும் என்பது 2023 ஜனவரியில் மத்திய அரசு வகுத்த இலக்கணம். முகம் பார்த்துப் பேச இரண்டு மூன்று மெகாபிட் போதும். தெளிவான படம் ஒன்றைப் பார்க்க ஐந்து மெகாபிட் போதுமானது. இரு முதியோர் மட்டும் வாழும் வீட்டுக்கு 100, 200 மெகாபிட் என்ற விளம்பரங்கள் வேண்டியதே இல்லை. நிறுவனத்தின் ஆகக் குறைந்த திட்டமே தாராளமானது. நமக்கு இங்கே அலுவலக வேலைக்கு வேண்டிய வேகத்தை ஊருக்கும் வாங்கி வைப்பது, நம் கால் அளவுக்குத் தந்தைக்குச் செருப்பு வாங்குவது போன்றதுதான்.

விளம்பரத்தில் காணும் விலையில் பெரும்பாலும் வரி சேர்ந்திராது. 400 ரூபாய்த் திட்டம் கைக்கு வரும்போது 472 ரூபாய் ஆகும். வருஷத்துக்கு 864 ரூபாய் அதிகம். ரூட்டருக்கு முன்பணம் உண்டா, அது திரும்பக் கிடைக்குமா, முதல் சில மாதச் சலுகைக்குப்பின் கட்டணம் எவ்வளவு என்ற மூன்றையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு வருஷத்துக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். ஒரு மழைக்காலத்தில் அந்த இணைப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தபின் கட்டுவதே விவேகம். கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பியைக் கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்துக்கு 2011-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஊராட்சி அலுவலகம் வரை கம்பி வந்துவிட்டது என்பதனால், நம் தெருவுக்கும் வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அண்டை வீட்டார் யாரிடம் இணைப்பு பெற்றிருக்கிறார்கள், பழுது வந்தால் எத்தனை நாளில் வருகிறார்கள் என்று விசாரிப்பதே சரியான சோதனை.

இத்தகைய இணைப்புகள் பலவற்றோடு வீட்டுத் தொலைபேசியும் சேர்ந்து வருவதுண்டு. கனமான ரிசீவரை எடுத்துப் பேசிப் பழகிய கைகளுக்கு அது பெரிய சௌகரியம். அந்த வீட்டில் செல்பேசிக்கு மிகச் சிறிய பேக் போதும். ஆனால் செல்பேசியை அறவே நிறுத்திவிடலாகாது. வீட்டில் மின்சாரம் நின்றால் ரூட்டரும் நின்றுவிடும். அந்தத் தொலைபேசியும் ஊமையாகிவிடும். இரவில் நெஞ்சு வலித்தால் அழைப்பதற்குச் செல்பேசி ஒன்று உயிரோடு இருந்தே ஆக வேண்டும். இடி மின்னல் வேளையில் ரூட்டரையும் தொலைக்காட்சியையும் மின்சாரத்திலிருந்து பிடுங்கி வைக்கவும் சொல்லிக்கொடுங்கள். ஒரு புதிய ரூட்டரின் விலை பல மாதச் சிக்கனத்தை விழுங்கிவிடும்.

தொலைவிலிருந்து பணம் கட்டுவோர் கவனிக்க வேண்டியவை சில. எந்த இணைப்பு யார் பெயரில், சந்தாதாரர் எண் என்ன, எந்தத் தேதியில் முடிகிறது என்பதை ஒரு தாளில் எழுதி, ஊரில் தொலைக்காட்சிக்கு அருகே ஒன்றும் நம்மிடம் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுதல் நலம். அண்ணன் மும்பையிலிருந்தும் தம்பி பெங்களூரிலிருந்தும் ஒரே இணைப்புக்கு ரீசார்ஜ் செய்வதும், இருவரும் மற்றவர் செய்திருப்பார் என்று விட்டுவிடுவதும் இதனால் நீங்கும். வங்கியிலிருந்து தானாகவே பணம் எடுக்கும் ஏற்பாடு செய்தவர்கள் அதை அவ்வப்போது பார்வையிடுங்கள். பெரியவர்கள் நம்மிடம் வந்து மூன்று மாதம் தங்கும்போது, பூட்டிய வீட்டுக்கு மூன்று மாதமும் பணம் போய்க்கொண்டிருக்கும். இணைப்பை விடும்போது, நிறுவனத்துக்குச் சொந்தமான பெட்டியையும் ரூட்டரையும் திருப்பிக் கொடுத்து ரசீது பெற மறக்க வேண்டாம்.

"உங்கள் சிம் இன்றிரவு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பணம் கட்டுங்கள்" என்று வரும் அழைப்புகள் முதியோரையே குறிவைக்கின்றன. ரீசார்ஜ் பற்றி யார் பேசினாலும், "என் பிள்ளையைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடப் பழக்குங்கள். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கும், நிறுவனத்தின் சேவையில் குறை தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-க்கும் தெரிவிக்கலாம்.

நேயர்களே, இத்தனையும் சொல்லும்போது, மாதச் சந்தா என்பதே இல்லாத ஒன்றையும் நினைவூட்டுவது வானொலியில் பேசுகிறவனுக்குப் பொருந்தும். திருச்சி நிலையம் 1939-ஆம் ஆண்டு முதல் தமிழில் பேசி வருகிறது. கண்பார்வை மங்கியவருக்கும், படுத்தபடியே பொழுதைக் கழிப்பவருக்கும் ஒரு சிறிய ரேடியோப் பெட்டி இன்றும் தகுந்த துணை. ஆயினும் அதையும் அவர் விரும்பினால்தான் வாங்கிக் கொடுங்கள்.

மொத்தத்தில், ஊரில் ஒரு வீட்டின் சந்தாக்களை ஒருமுறை உட்கார்ந்து ஆராய்ந்தால், யாரும் பார்க்காத சானல், யாரும் தொடாத டேட்டா, யாருக்கும் வேண்டாத வேகம் என்று மூன்று இடங்களில் பணம் கசிவதைக் காணலாம். அவற்றை அடையுங்கள். அந்தத் தொடரையும், பேரனின் முகத்தையும், ஆபத்தில் அழைக்கும் போனையும் தொடாதிருங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசும்போது, கட்டணத்தைப் பற்றி முதலில் கேளாதீர்கள். அந்தக் கதையில் மருமகள் வீட்டை விட்டுப் போனாளா, திரும்பி வந்தாளா என்று கேளுங்கள். அம்மா ஆவலோடு சொல்லத் தொடங்கினால், அந்தச் சானல் வீண் செலவல்ல என்பது உங்களுக்கு விளங்கிவிடும்.